முகத்துக்குப் பயந்த சாட்சி

மாதக்கணக்கில் மூடிக் கிடந்த மிருகக்காட்சி சாலையை அன்றைக்குத்தான் திறந்தார்கள். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தால், உள்ளே ஆளுக்கொரு மானை இலவசமாகக் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று யாரோ புரளி கிளப்பிவிட்டது போல இருந்தது. தரையில் வரிசையாக வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்துக்கு ஒரு ஆள் என்பது விதி. எனக்கு முன்னால் இருந்த வட்டத்தில் ஒரு குடும்பமே நின்றது. தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று.

வாசலில் செக்யூரிட்டி என் நெற்றிக்கு நேராக அந்தக் காய்ச்சல் பார்க்கும் கருவியைத் துப்பாக்கி மாதிரி நீட்டினார்.

"பாத்து சார், எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகல," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மாஸ்க்குக்குள் சிரித்தாரோ என்னவோ. இந்தப் பாழாய்ப்போன நோய் வந்ததிலிருந்து என் ஜோக்குக்கு யார் சிரிக்கிறார்கள், யார் பல்லைக் கடிக்கிறார்கள் என்றே தெரிவதில்லை.

"ரேடியோ, வால்யூமைக் குறை," என்றார் மேடம்.

ரேடியோ என்பது நான்தான். மேடம் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்கிறவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தார். ஒரு நாள் தன் மேலதிகாரியின் பொய்யையே கண்டுபிடித்துத் தொலைத்தார். மறுநாள் வேலை இல்லை. அதிலிருந்து சொந்தமாகத் துப்பறிகிறார். நான் அவருடைய உதவியாளன், டிரைவர், வாங்கிக் கட்டிக்கொள்கிறவன்.

எங்களோடு வந்த மூன்றாவது ஆள் எங்களை அழைத்தவர். சிம்பன்சி கூண்டின் கீப்பருடைய மனைவி. நாற்பது வயதிருக்கும். துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன துணி மாஸ்க். அதற்கு மேலே தூங்காத இரண்டு கண்கள்.

உள்ளே எல்லாம் ஒருவழிப் பாதை. தரையில் அம்புக்குறி. அம்பு காட்டும் பக்கம் நடக்க வேண்டும், திரும்பக் கூடாது. நடந்துகொண்டே மேடம் கேட்டார்.

"மொதல்லேருந்து சொல்லுங்கம்மா. இவன் காதுலயும் விழட்டும்."

"இங்க ஒரு சிம்பன்சி இருந்தா மேடம். எங்க வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்தே அவளைப் பாத்துக்கிட்டவர். எனக்குக் காய்ச்சல்னா அரை நாள் லீவு எடுக்க மாட்டார். அவளுக்குச் சளின்னா ராத்திரியெல்லாம் அங்கேயே கிடப்பார். நான் அவளைச் சக்களத்தின்னுதான் கூப்பிடுவேன்." மாஸ்க்குக்குள் ஒரு சிரிப்பு வந்து போனது கண்ணில் தெரிந்தது. "அவ ஊரடங்குல ஒரு பெண் குட்டி போட்டா. குட்டி பிறந்து கொஞ்ச நாள்ல அவளுக்கு இந்த நோய் வந்து செத்துட்டா."

"குரங்குக்கு மனுஷ நோயா?" என்றேன்.

"அதுங்களுக்கும் ஒட்டும் தம்பி. அதனாலதான் மாஸ்க் இல்லாம அந்தக் கூண்டுப் பக்கமே போகக் கூடாதுன்னு கண்டிப்பான உத்தரவு. அதே சமயம் எங்க வீட்டுக்காரருக்கும் பாசிட்டிவ் வந்துடுச்சு. அவ்வளவுதான். கூண்டுக்குள்ள மாஸ்க்கைக் கழட்டினவர் இவர்தான், இவராலதான் போச்சுன்னு டைரக்டர் முடிவு கட்டிட்டார். சஸ்பெண்ட் பண்ணி வெச்சிருக்கார். இன்னைக்குச் சாயந்தரம் வேலையை விட்டு எடுக்கிற ஆர்டர்ல கையெழுத்துப் போடப் போறாராம். வேலை போனா பின்னாடி இருக்கிற குவார்ட்டர்ஸும் போயிடும். ஆனா எனக்கு அதுகூடப் பெரிசில்ல மேடம். பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தவர் தலையில கொலைகாரன்னு எழுதறாங்களே!"

"அவர் என்ன சொல்றார்?"

"வாயைத் திறக்க மாட்டேங்கிறார். கழட்டினீங்களான்னு கேட்டா ஆமாம்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. சுவத்தைப் பாத்துப் படுத்திருக்கார். உங்களைக் கூப்பிட்டேன்னு தெரிஞ்சதும், வேண்டாம், போகச் சொல்லுன்னு ஒரே சண்டை."

"குற்றமில்லாத ஆள் ஏன் துப்பறிய வேண்டாம்னு சொல்லணும்?" என்று நான் மேடத்தின் காதருகே முணுமுணுத்தேன். அந்தக் கேள்வி அவர் மனதிலும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

"ஊரடங்குல நீங்க அவரைப் பாத்தீங்களா?"

"கீப்பருங்க யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது, உள்ளயே தங்கணும்னுட்டாங்க. நான் தினமும் சாப்பாடு கொண்டு வருவேன். பின் கேட்டுல குடுத்துட்டுப் போயிடுவேன்."

"உள்ள வந்ததில்லையா?"

"கேட்டோட சரி மேடம்," என்றார் கீப்பர் மனைவி. சட்டென்று வந்த பதில்.

*

சிம்பன்சி வீடு ஒரு பெரிய கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் கயிறு, மரக்கிளை, டயர் ஊஞ்சல். ஊஞ்சல் காலியாகத் தொங்கியது. மூலையில் பச்சை யூனிபார்ம், பச்சை மாஸ்க்கோடு ஒரு புது கீப்பர் உட்கார்ந்து குட்டிக்குப் பால் புட்டியை நீட்டிக்கொண்டிருந்தார். குட்டி பெரிய காதும் சுருங்கிய நெற்றியுமாக, வேண்டாவெறுப்பாக உறிஞ்சியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இத்தனை பேர் நின்றும் அது எங்களைச் சட்டை செய்யவில்லை.

அப்போது ஒரு வாலிபன் போனை நீட்டி, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, குட்டியும் தானும் தெரிகிற மாதிரி இளித்தான்.

குட்டி வீறிட்டது. பால் புட்டி உருண்டது. புது கீப்பரின் முதுகுக்குப் பின்னால் ஓடிப்போய் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்திய கத்தலில் அந்த வாலிபனே பயந்துவிட்டான்.

"மாஸ்க்கைப் போடுய்யா!" என்று அங்கிருந்த இன்னொரு செக்யூரிட்டி விசிலடித்தார். பிறகு எங்களிடம் சலித்துக்கொண்டார். "காலையிலிருந்து இதே ரோதனை. எவனாவது மாஸ்க்கை இறக்கினா உயிர் போற மாதிரி கத்துது. மூடினா கம்முன்னு ஆயிடுது."

மேடத்தின் கண் சுருங்கியது. அவருக்கு ஏதோ பொறி தட்டினால் அப்படித்தான் ஆகும்.

"ரேடியோ, உன் மாஸ்க்கைக் கழட்டு."

"மேடம், சட்டம் தன் கடமையை..."

"கழட்டு."

கழற்றினேன். குட்டி என்னைப் பார்த்தது. வாலிபனுக்குக் கத்தியதைவிட ஒரு மடங்கு அதிகமாகவே கத்தியது.

"பெண் பார்க்கப் போன இடத்துலகூட இவ்வளவு வெளிப்படையாச் சொன்னதில்ல," என்றேன்.

நான் மூடிக்கொண்டதும் குட்டி அடங்கியது. பிறகு மேடம் தன் மாஸ்க்கை இறக்கினார். அதற்கும் அதே அலறல். செக்யூரிட்டி இரண்டாவது தடவை விசிலடிப்பதற்குள் மேடம் மூடிக்கொண்டு, எங்களை ஓரமாக இழுத்தார்.

"இந்தக் குட்டி எப்பப் பிறந்துச்சு?"

"ஊரடங்குல," என்றேன்.

"அப்ப அது பிறந்ததுலேருந்து பாத்த மனுஷங்களுக்கெல்லாம் எது இல்ல?"

"அறிவு."

"வாய்டா! மூக்கும் வாயும்! அதைப் பொறுத்தவரைக்கும் மனுஷன்னா ரெண்டு கண்ணு, கீழ ஒரு துணி. துணிக்குப் பின்னாடி இருந்து பல்லு வெளிய வந்தா அது அதுக்குப் பேய்." மேடம் குரலைத் தாழ்த்தினார். "இப்ப யோசி. தாய்க்கு நோய் ஒட்டியிருக்கு. மாஸ்க் இல்லாத ஒருத்தர் கிட்டப் போயிருக்கார்னு டைரக்டரே சொல்றார். சரி, ஒத்துக்குவோம். ஆனா குட்டி அப்ப எங்க இருந்துச்சு?"

"தாய் மாருல," என்றார் கீப்பர் மனைவி. "ஒரு நிமிஷம் இறங்காது மேடம். ஒட்டிக்கிட்டே கிடக்கும்."

"அப்ப தாய் பாத்த முகத்தைக் குட்டியும் பாத்திருக்கும். அந்த ஒரு முகத்துக்கு மட்டும் இது கத்தாது."

கைரேகை வேண்டாம், கேமரா வேண்டாம். பால் குடிக்கிற சாட்சி ஒன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது.

"எங்க வீட்டுக்காரரைப் பாத்தா கத்தும் மேடம்! கத்தியே தீரும்! அவர் கழட்டவே இல்ல, எனக்குத் தெரியும்!" கீப்பர் மனைவி மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு விதி ஞாபகம் வந்து கையை விட்டார். "நான் போய் அவரைக் கூட்டிக்கிட்டு வரேன். வரமாட்டேன்னா இழுத்துக்கிட்டு வரேன்."

அம்புக்குறியை மிதித்துக்கொண்டு எதிர்த் திசையில் ஓடினார். செக்யூரிட்டி விசிலடித்து ஓய்ந்துபோனார்.

*

"அந்த முகம் யாருது?" என்றேன்.

"ஊரடங்குல கூண்டுக்குப் போக முன்பக்க வழி பூட்டியிருந்துச்சு. பின் கேட்டுதான் ஒரே வழி. அங்க காவல் இருந்தவர்கிட்டக் கேப்போம்."

பின் கேட்டுக்குப் போக அம்புக்குறி எங்களை யானை, ஒட்டகம், தூங்குகிற முதலை என்று ஊரெல்லாம் சுற்றவைத்தது. வாட்ச்மேன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அவருடைய மாஸ்க் தாடையில் இருந்தது. தாடிக்கு நோய் வராமல் பார்த்துக்கொள்கிறார் போல.

"ஊரடங்குல இந்தப் பக்கம் யாரெல்லாம் வந்தாங்க?" என்று மேடம் கேட்டார்.

"தீனி வண்டி வரும். டாக்டர் வருவார், தலையிலேருந்து கால் வரைக்கும் மூடிக்கிட்டு. அவ்வளவுதான்."

"வேற யாருமே இல்லையா? பெரிய ஆளுங்க?"

வாட்ச்மேன் இரண்டு பக்கமும் பார்த்தார். "நான் சொன்னேன்னு வரக் கூடாது. டைரக்டர் சாரோட கார் ஒரு தடவை வந்துச்சு. சம்சாரம், மச்சான் குடும்பம் எல்லாரும் இருந்தாங்க. புதுசாப் பிறந்த குட்டியைப் பாக்கணும்னு பிள்ளைங்க அடம் பிடிச்சாங்களாம்."

"மாஸ்க் போட்டிருந்தாங்களா?"

"கார்ல போறவங்க என்னைக்குப் போட்டாங்க?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் சட்டம் போட்டுவிட்டு, மச்சான் பிள்ளைகளுக்குக் குட்டியைக் காட்ட காரில் வந்தவர், ஒரு கீப்பரின் தலையில் பழியைக் கட்டுகிறார். எனக்கு வயிறு எரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது.

"கீப்பர் எப்படிப்பட்ட ஆள்?"

"தங்கமான மனுஷன். அவர் சம்சாரம் கொண்டு வர சாப்பாட்டுல எனக்கும் ஒரு பங்கு உண்டு. நல்ல கை அந்தம்மாவுக்கு. நடுவுல ஒரு வாரம் மட்டும் உப்பை அள்ளிக் கொட்டியிருந்துச்சு, வாயில வைக்க முடியல. புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஏதோ சண்டைன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லணுமே! ஒரு பருக்கை மிச்சம் வைக்காம சாப்பிட்டார்."

"அதுக்குப் பேர்தான் கல்யாணம்," என்றேன்.

எங்கள் இரண்டு பேருடைய மூளையும் அந்தக் காரின் பின்னாடியே ஓடிக்கொண்டிருந்தது. உப்பைப் பற்றி யோசிக்க ஆள் இல்லை.

*

டைரக்டரின் மேஜைக்கு நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. அவர் பக்கம் மூன்று போன், எங்கள் பக்கம் ஒரு கிருமிநாசினி பாட்டில். எத்தனை டிக்கெட், எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். கீப்பரின் பெயரைச் சொன்னதும் மூன்று போனையும் கவிழ்த்து வைத்தார்.

"முடிஞ்சுபோன விஷயம். அவருக்குப் பாசிட்டிவ். கூண்டுக்குள்ள போனவர் அவர் ஒருத்தர். ரெண்டும் ரெண்டும் நாலு."

"உங்க காரை எந்தக் கணக்குல சேக்கறது?" என்றார் மேடம்.

டைரக்டரின் பேனா நின்றது.

"யார் சொன்னது?"

"கார்தான் சொல்லிச்சு. நாளைக்குப் பத்திரிகையும் சொல்லும். திறந்த மறுநாளே அப்படி ஒரு செய்தி வந்தா உங்களுக்கு நல்லாவா இருக்கும்?"

"கொண்டு வந்தது தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா நாங்க யாரும் காரை விட்டு இறங்கல. குட்டியோட ஜன்னல்கிட்ட நிறுத்தி, கண்ணாடி வழியாப் பாத்துட்டுத் திரும்பிட்டோம். எனக்கும் உயிர் பயம் உண்டும்மா."

"நிரூபிக்க ஒரு வழி இருக்கு," என்று மேடம் குட்டியின் பயத்தைப் பற்றிச் சொன்னார்.

டைரக்டர் முட்டாள் இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டு மெதுவாகத் தலையசைத்தார். "நல்ல யோசனை. நானே வரேன். என்னைப் பாத்துக் கத்தினா கார் கதையை மறந்துடணும். உங்க கீப்பரைப் பாத்துக் கத்தலைன்னா அங்கேயே கையெழுத்துப் போடுவேன். ஒரு பேட்ச் வெளிய போய் அடுத்த பேட்ச் வரதுக்குள்ள மருந்து அடிப்பாங்க. அப்ப வெச்சுக்கலாம்."

அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. குற்றவாளிகள் இவ்வளவு சுறுசுறுப்பாக நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

*

சிம்பன்சி வீட்டில் கூட்டம் போய்விட்டிருந்தது. மருந்து வாடை. ஒரு ஆள் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனார். கீப்பரும் மனைவியும் ஆளுக்கொரு வட்டத்தில் நின்றார்கள். கீப்பர் மெலிந்து, தோள் கூனி, காய்ச்சலில் எழுந்து வந்தவர் போல இருந்தார். மேடத்தைப் பார்த்ததும் வட்டத்தைத் தாண்டி வந்தார்.

"மேடம், உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். இத்தோட விட்டுடுங்க. வேலை போனாப் போகட்டும். எனக்குக் கை கால் இருக்கு."

"பயப்படாதீங்க," என்றார் மேடம். "உண்மை உங்க பக்கம்தான் இருக்கு."

"உண்மையெல்லாம் எனக்கு வேண்டாம் மேடம்."

"சும்மா இருங்க!" என்று மனைவி அதட்டினார். "கடைசி நேரத்துல காரியத்தைக் கெடுக்காதீங்க."

புது கீப்பர் குட்டியைக் கண்ணாடிக்கு அருகே விட்டுவிட்டு நகர்ந்தார். முதலில் டைரக்டர் முன்னால் போய் மாஸ்க்கை இறக்கினார்.

குட்டி அலறிக்கொண்டு கயிற்றில் ஏறியது.

மூடினார். அடங்கியது. மறுபடி இறக்கினார். மறுபடி அலறல். "போதுமாம்மா?" என்று மேடத்தைக் கேட்டார். அந்தக் குரலில் இருந்த திருப்தியை எந்த மாஸ்க்காலும் மூடியிருக்க முடியாது. வாட்ச்மேன் சொன்ன காரும், மச்சான் குடும்பமும், என் வயிற்றெரிச்சலும் ஒரே நொடியில் பிசுபிசுத்துப் போயின.

"அடுத்து நீ வாய்யா," என்றார் டைரக்டர்.

கீப்பர் நகரவில்லை. மனைவி போய்த் தோளைப் பிடித்துத் தள்ளினார். அவர் கண்ணாடி முன்னால் போய் நின்றதும், மாஸ்க்கோடு இருந்த அவரைக் குட்டி பார்த்துவிட்டது. கயிற்றிலிருந்து தொப்பென்று குதித்து ஓடி வந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் வைத்து, தூக்கு என்பது போல எம்பியது. தாய் செத்த பிறகு அதற்குப் பால் புட்டி பிடித்த கைகள் அவருடையவை. சஸ்பெண்ட் ஆன நாளிலிருந்து அது அவரைப் பார்க்கவில்லை.

கீப்பரின் கை மாஸ்க்குக்குப் போயிற்று, நின்றது.

"கழட்டுங்க," என்றார் மனைவி. "ஒரு நிமிஷம்தானே?"

கழற்றினார். நரை விழுந்த மீசை, உலர்ந்த உதடு. அன்பான முகம்.

குட்டி அவரைப் பார்த்துக் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள் எல்லாருக்கும் கத்தியதைவிடக் கோரமாக இருந்தது. தனக்குத் தெரிந்த கண்களுக்குக் கீழே யாரோ புகுந்துகொண்டதைப் போல அலறி, பின்னுக்கு உருண்டு, மூலையில் போய் ஒண்டிக்கொண்டது. கீப்பர் அழவில்லை. முகத்தைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். வளர்த்த பிள்ளைக்குத் தன் முகமே தெரியாது என்பதுதான் அவர் நிரபராதி என்பதற்கு அத்தாட்சி. இதைவிடக் கேவலமான அத்தாட்சியை நான் என் தொழிலில் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா? பாத்தீங்களா சார்?" கீப்பர் மனைவி குதித்தார். "அவர் கழட்டவே இல்ல! ஒரு நாள்கூடக் கழட்டல! நான் சொன்னேன்ல?" கண்ணீர் தாரையாக ஓடி மாஸ்க் நனைந்தது. அதை இழுத்து இறக்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"போடு!" என்று கீப்பர் கத்தினார். "ஏய், மாஸ்க்கைப் போடு!"

அவர் அப்படிக் கத்தியதில் நாங்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அதற்குள் மூலையில் இருந்த குட்டி தலையைத் தூக்கியிருந்தது.

அலறவில்லை. எழுந்து, தத்தித் தத்தி, நேராகக் கண்ணாடிக்கு வந்தது. அழுது சிவந்த அந்தத் திறந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து, உதட்டைக் குவித்துக் கண்ணாடியில் ஒட்டியது.

"என் கண்ணு," என்றார் கீப்பர் மனைவி. "என்னைத் தெரியுது பாருங்க அதுக்கு!"

மேடம் டைரக்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"பொம்பளை முகம்னா பிடிக்கும் போலிருக்கு," என்றார். பொய் சொல்கிறவர்களைப் பிடிக்கிற மேடம் சொல்லி நான் கேட்ட முதல் பொய்.

"அப்படியா?" என்றார் டைரக்டர். "நீங்களும் பொம்பளைதானே? கழட்டுங்க பாப்போம்."

மேடம் ஒரு நொடி தயங்கினார். வேறு வழியில்லை, இறக்கினார். இந்தத் தடவையாவது கத்தாமல் இரு தாயே என்று நான் மனதுக்குள் அந்தக் குட்டியைக் கெஞ்சினேன். அது தொண்டை கிழியக் கத்தியது.

டைரக்டர் கீப்பர் மனைவி பக்கம் திரும்பினார். "நீங்க எப்பம்மா உள்ள வந்தீங்க?"

"நான்தான் சார் கழட்டினேன்!" கீப்பர் இடையில் வந்தார். "கையெழுத்துப் போடுங்க. நானே ஒத்துக்கறேன், நான்தான்."

"நீங்க ஏன் பொய் சொல்றீங்க?" என்றார் மனைவி. அவருக்கு இன்னும் புரியவில்லை. தலைக்கு வந்தது போயிற்று என்ற சந்தோஷத்தில் டைரக்டரிடம் வெகுளியாகவே சொன்னார். "வாட்ச்மேன் அண்ணன் பாவம் பாத்து விட்டார் சார், அவரை ஒண்ணும் சொல்லிடாதீங்க. பிள்ளை பெத்தவளைப் பாக்க வேண்டாமா? மாஸ்க்கோட போனா அவளுக்கு என்னை அடையாளம் தெரியல. யாரோ எவளோன்னு முதுகைக் காட்டி உக்காந்துட்டா. எனக்குப் பொறுக்கல. ஒரு நிமிஷம் இறக்கிக் காட்டினேன். உடனே பின்பக்கக் கம்பிக்கிட்ட ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிக் காட்டினா சார்! அப்புறம் நான் போறப்பல்லாம்..."

அங்கே நிறுத்தினார்.

"எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே," என்றார். "ஜுரம் இல்ல. இருமல் இல்ல. சும்மா வாய்தான் ஒரு வாரம் செத்துக் கிடந்துச்சு. எதை வாயில வெச்சாலும் மண்ணு மாதிரி. இவர் வீட்டுக்கு வராத கவலைன்னு நினைச்சேன். உப்பே இல்லாத மாதிரி இருக்கேன்னு போட்டுக்கிட்டே..."

மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தார்.

"அதை நீங்க ஒண்ணும் சொல்லாமத்தானே சாப்பிட்டீங்க?"

கீப்பர் தரையைப் பார்த்தார்.

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"நீ வீட்டுக்குப் போ," என்றார் கீப்பர். "ஒண்ணுமில்ல. போ."

டைரக்டர் தொண்டையைச் செருமினார். அவர் குரலில் இப்போது திருப்தி இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். "மாஸ்க் கழட்டின குற்றச்சாட்டை எடுத்துடறேன். அதுல இவர் மேல தப்பில்ல. ஆனா ஊரடங்குல வெளி ஆளு கூண்டு வரைக்கும் வந்திருக்கு. அது இவர் பொறுப்பு. அதுக்கு வேற ஆர்டர் போட்டுத்தான் ஆகணும். வேலையைக் காப்பாத்த என்னால முடியாது."

"நீங்க கார்ல வந்தப்ப யார் பொறுப்பு?" என்றேன். வாய் தானாகப் பேசியது.

"நாங்க இறங்கல," என்றார் டைரக்டர். அது உண்மைதான் என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த பேட்ச்சை உள்ளே விடச் சொல்லி செக்யூரிட்டிக்குக் கை காட்டிக்கொண்டே போய்விட்டார்.

கீப்பர் மனைவி மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். நனைந்த துணி வாயோடு ஒட்டி, மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே போய் வெளியே வந்தது. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றார். புருஷன் கையைப் பிடிக்க வந்தபோது விலகிக்கொண்டார்.

மேடம் அவர் எதிரே போய் நின்றார். ஏதோ சொல்லத்தான் போனார். இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை, நோய்க்குக் கண்ணா மூக்கா, அன்பாகத்தானே போனீர்கள் என்று இப்படி ஏதாவது. ஆனால் கீப்பர் மனைவி முந்திக்கொண்டார். கோபமே இல்லாத குரல்.

"நீங்க வரலைன்னா, எனக்குத் தெரியாமலே போயிருக்கும்ல மேடம்?"

கண்ணாடிக்கு முன்னால் புதுக் கூட்டம் வந்து வட்டங்களில் நிற்கத் தொடங்கியது. ஒரு குழந்தை, "அந்தக் குட்டியோட அம்மா எங்க?" என்று கேட்டது.

"ஆமாம்மா," என்றார் மேடம். "தெரியாமலே போயிருக்கும்."